ஆறும் போரும்: வாசகர் கேள்வி – பதில்

திப்பு சுல்தானின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் வாசல்வரை வந்த ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் 1791இல் திரும்பிப் போனாராமே, ஏன்?
– வாசகர், ராயக்கோட்டை

மே 15 அன்று கோட்டைக்கு அருகே நடந்த சண்டையில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் காவிரி வழிவிடவில்லை. அரகெரேயில் கடக்கப் பார்த்தார். பாறைப் படுகை, மழையால் ஏறிய தண்ணீர், பீரங்கி இறங்க வழியில்லை. மேற்கே கண்ணம்பாடிக்கு (இன்று கிருஷ்ணராஜ சாகர் அணை நிற்கும் இடம்) நகர்ந்து, குடகு வழியாக வந்த பம்பாய்ப் படையோடு சேர நினைத்தார். அதற்குள் இழுவை மாடுகள் தீவனமில்லாமல் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாடு போனால் முற்றுகைப் பீரங்கி வெறும் இரும்புதான். அவற்றை உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார்.

திப்புவுடன் செய்த 1792 உடன்படிக்கையில் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனது. அதனால் 1799இல் ஆங்கிலத் தளபதி ஹாரிஸின் படை உங்கள் ராயக்கோட்டை வழியாக மார்ச் தொடக்கத்திலேயே மைசூர் எல்லைக்குள் நுழைய முடிந்தது. ஏப்ரல் 5 அன்று கோட்டை முன் வந்துவிட்டார்கள். குடகில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் முற்றுகை கலைந்துவிடும் என்பதால்தான் அந்த அவசரம். தருமபுரியில் ஒரு தூறல்கூட இல்லாத ஆடியில் ஒகேனக்கல் அருவி தெரியாதபடி வெள்ளம் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மே 4, பகல் 1 மணி வாக்கில் படை ஆற்றில் இறங்கியது. சுமார் 250 மீட்டர் அகலப் பாறைப் படுகை. தண்ணீர் சில இடத்தில் கணுக்கால், சில இடத்தில் இடுப்பு. ஏழு நிமிடத்துக்குள் மதில் உடைப்பின் மேல் கொடி ஏறிவிட்டது. திப்பு அன்றே களத்தில் உயிர் துறந்தார். மழை ஒரு மாதம் முந்தியிருந்தால் தென்னிந்திய வரலாறே வேறாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாலமில்லாத ஆற்றில் இறங்குதுறையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– வாசகி, காவேரிப்பட்டினம்

முதலில் ஆழம். மிதமான ஓட்டத்தில் காலாட்படைக்குச் சுமார் 3 அடி, குதிரைக்கு 4 அடிதான் எல்லை. வெடிமருந்து வண்டிக்கு இரண்டு அடிக்குக் கொஞ்சம் மேலே போனாலே மருந்து நனைந்துவிடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தொடையளவுத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். வளைவின் வெளிக்கரையோரம் மடுவாக இருக்கும், உள்கரையோரம் மணல் மேடிட்டிருக்கும். இரண்டு வளைவுக்கு நடுவே ஆறு அகன்று பரவும் இடம்தான் நல்ல துறை. மணல் படுகையில் இன்னொரு தொல்லை உண்டு: முன்னால் போகிறவர்கள் மிதித்து மணலைக் கிளறிவிடுவதால் பின்னால் வரும் சக்கரம் புதையும். தென்பெண்ணை மணலில் மாட்டுவண்டி ஓட்டியவர்கள் இதை அறிவார்கள்.

இழுப்பு அதிகமென்றால் மேற்புறம் ஒரு வரிசை விலங்குகளை நிறுத்தி வேகத்தை உடைப்பார்கள், கீழ்ப்புறம் இன்னொரு வரிசை, அடித்துப் போகிறவர்களைப் பிடிக்க. கி.மு. 49இல் ஸ்பெயினில் சீசர் இப்படித்தான் கடந்தார்.

1803 செப்டம்பர் 23, மராத்தியரோடு அசாயேயில் நடந்த சண்டை. கைட்னா ஆற்றில் துறையே இல்லை என்று வழிகாட்டிகள் சாதித்தார்கள். ஆங்கிலத் தளபதி வெல்லெஸ்லி, இரு கரையிலும் இரண்டு ஊர்கள் நேருக்கு நேர் இருப்பதைக் கண்டார். போக்குவரத்து இல்லாமல் ஊர்கள் அப்படி அமையாது என்று கணித்தார். அங்கே துறை இருந்தது.

நம் பரிசலைப் படைகள் பயன்படுத்தியதுண்டா?
– வாசகர், பென்னாகரம்

உண்டு. மராத்தியர் மீதான படையெடுப்புக்கு வெல்லெஸ்லி பரிசல்கள் செய்யச் சொன்னார். அதற்குக் கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டு முன்பே விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் பாயஸ், துங்கபத்திரையில் பிரம்பு பின்னித் தோல் போர்த்திய பரிசல் 15, 20 பேரை ஏற்றியதாகவும், தேவைப்பட்டால் குதிரை, மாட்டையும் ஏற்றியதாகவும் எழுதியிருக்கிறார். சுழன்றுகொண்டேதான் போகும் என்பதையும் கவனித்திருக்கிறார். அடி தட்டையாக இருப்பதால் குறைந்த தண்ணீரிலும் மிதக்கும். பாறையில் மோதினால் பின்னல் வளைந்து கொடுக்கும். தோலை அவ்வப்போது கரையேற்றிக் காயவைக்காவிட்டால் அழுகிவிடும். ஒகேனக்கல்லில் தோல் போய் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்ததில் அந்த ஒரு வேலை மிச்சம்.