மூன்று வாரம் ஊருக்குப் போனால் தாழ்வாரச் செடிகளை என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். தாழ்வாரம் தெற்குப் பார்த்தது. கறிவேப்பிலை, குண்டுமல்லி, வெற்றிலை, துளசி, இரண்டு மிளகாய்ச் செடி வளர்க்கிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் மதுரைப் பக்கம் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்கிறார், ஆனால் அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. போன வருஷமும் அவர்தான் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது துளசி காய்ந்து கிடந்தது, மல்லி வேர் அழுகிக் கிடந்தது. இந்த முறை என்ன செய்யலாம்? வரும்போது மதுரையிலிருந்து ஒரு மல்லிக் கன்று கொண்டு வரலாமா?

பதில்: ஒரே தாழ்வாரத்தில் ஒரு செடி காய்ந்து, இன்னொன்று அழுகியிருக்கிறது என்றால், எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். ஆன்ட்டியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்தச் செடிக்கு எவ்வளவு தாகம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த முறை அதைக் கண்டுபிடித்து, கிளம்புவதற்கு முன்பே அந்தத் தாகத்தைக் குறைத்துவிட்டுப் போங்கள். அப்படிச் செய்தால் ஆன்ட்டிக்கு மிஞ்சும் வேலை மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

முதலில் வெயிலைக் கவனியுங்கள். டிசம்பர் என்றால் இங்கே மழை, செடிக்குக் கவலை இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்றின் மழைக்கட்டம் டிசம்பரிலும் ஜனவரியிலும்தான், அது உண்மை. ஆனால் அந்தச் சாரல் வடக்கையும் கிழக்கையும் பார்த்த தாழ்வாரங்களைத்தான் அதிகம் நனைக்கும். உங்களுடையது தெற்கு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருப்பதால் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 25 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். ஜூன் மாதம் நிழலாக இருந்த உங்கள் தாழ்வாரத்தில், நீங்கள் ஊரில் இருக்கும் அந்த மூன்று வாரமும் வெயில் உள்ளே வரை எட்டிப் பார்க்கும். மேல் மாடித் தளம் மறைப்பதால் மழை வெளியே பெய்துவிட்டுப் போகும். ஒன்பதாவது மாடிக் காற்று வேறு. துளசி காய்ந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாத் தொட்டிகளையும் தரைக்கு இறக்குங்கள். கைப்பிடிச் சுவரின் உள்பக்க நிழல் எங்கே விழுகிறதோ அங்கே, ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். கூட்டமாக இருந்தால் இலைகளைச் சுற்றிக் காற்றில் ஈரம் நிற்கும், தொட்டியின் பக்கச் சுவரும் சூடாகாது. நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் யாரும் தடையில்லாமல் போகும்படி காலியாக இருக்க வேண்டும். தீப்பாதுகாப்பு விதி அது. கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு சின்னத் தொட்டிகூட இருக்கக் கூடாது. நீங்கள் ஊரில் இருக்கும்போது பருவக்காற்று அதைத் தள்ளிவிட்டால் கீழே நடப்பவர் தலைக்கு ஆபத்து.

வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சன்னல் எல்லாம் சாத்திய வீட்டில் காற்றோட்டமும் இல்லை, வெளிச்சமும் போதாது. மல்லியும் துளசியும் இலையைக் கொட்டிவிடும். வெற்றிலை மட்டும் சன்னல் ஓரத்தில் தாங்கும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. பெட்டி எடை பார்க்கும் சின்னத் தொங்கு தராசு உங்களிடம் எப்படியும் இருக்கும். தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிந்து நின்றதும், ஒரு கெட்டியான பையில் வைத்துத் தூக்கி எடை பாருங்கள். தண்ணீர் ஊற்றாமல் விட்டு, இரண்டு நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர். 600 கிராம் குறைந்திருந்தால் அந்தச் செடி நாளுக்கு 300 மில்லி குடிக்கிறது, 21 நாளுக்கு ஆறு லிட்டருக்கு மேல் வேண்டும். நிழலுக்கு மாற்றி, கிளையை வெட்டிய பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள், எண் நன்றாகவே இறங்கியிருக்கும். இப்படி ஒருமுறை செய்துவிட்டால் யாருக்கு எவ்வளவு என்று ஊகிக்கவே தேவையில்லை. சிரமம் பார்க்காமல் இதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள்.

கிளை வெட்டுவதில் நாள் முக்கியம். இரண்டு மூன்று வாரம் முன்னாடியே வெட்டினால் நீங்கள் கிளம்பும் நேரத்தில் செடி இளந்தளிர் விட்டிருக்கும், முதலில் வாடுவது அதுதான். கிளம்ப இரண்டு மூன்று நாள் இருக்கும்போது வெட்டுங்கள். உரத்தையும் மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். மண் காயும்போது உரத்தின் உப்பு செறிந்து வேரைச் சுடும்.

மல்லியை நீங்கள் தைரியமாக வெட்டலாம். தமிழ்நாட்டில் குண்டுமல்லி பயிரிடுபவர்கள் நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்வது வழக்கம், மார்ச்சிலிருந்து பூ குவியும். உங்கள் பயணமும் அந்தப் பருவத்தில்தான் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு உயரம் குறைத்து, உள்பக்கம் நெருக்கமாக இருக்கும் மெல்லிய குச்சிகளை நீக்குங்கள். கறிவேப்பிலையில் ஒவ்வொரு கிளை நுனியையும் கிள்ளி, பெரிய இலைகளைப் பறித்துக்கொள்ளுங்கள். அது இரண்டு மூன்று நாள் காய்ந்தால் பொறுத்துக்கொள்ளும், ஈரத்தில் நின்றால்தான் பொறுக்காது. துளசிக்குப் பூக்கதிர் எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். அதில் நன்றாகக் காய்ந்த கதிர்கள் இரண்டு மூன்றை ஒரு காகித உறையில் எடுத்து வைத்தால், என்ன ஆனாலும் உங்கள் துளசி உங்களிடமே இருக்கும்.

மிளகாயைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. உங்கள் செடிகளிலேயே அதிகத் தாகம் அதற்குத்தான், தொட்டியில் அதன் ஆயுளும் குறைவு. பழுத்ததில் விதை எடுத்து வைத்துக்கொண்டு, காய் அத்தனையும் பறித்து, பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டுப் போங்கள். பிழைத்தால் சரி. அதற்காக ஒரு வயதானவரைத் தினமும் கதவைத் திறந்து வெளியே வரச் சொல்ல வேண்டாம்.

இப்போது திரி, அதாவது கேன் தண்ணீரைத் துணித் திரி வழியே தொட்டிக்குத் தானாக ஊறச் செய்யும் முறை. நாளுக்கு 150 மில்லிக்கு மேல் குடிக்கும் தொட்டிகளுக்கு இது நல்ல வழி. மூடியுள்ள ஐந்து லிட்டர் கேன் ஒன்று எடுத்து, மூடியில் திரி நுழையும் அளவு மட்டும் துளை போடுங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து முறுக்கினால் அருமையான திரி. திரியை முழுதும் நனைத்து, ஒரு முனையைக் கேனின் அடி வரையிலும், மறுமுனையைத் தொட்டி மண்ணில் ஒரு விரல் ஆழத்திலும் புதையுங்கள். கேனில் உள்ள நீர்மட்டமும் தொட்டியின் மண்மட்டமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். கேன் மிக உயரத்தில் இருந்தால் தண்ணீர் தானாக வழிந்து ஒரே இரவில் தொட்டியை ஊறவைத்துவிடும், மிகத் தாழ்வாக இருந்தால் திரியால் ஏற்ற முடியாது. கேனில் பேனாவால் கோடு போட்டு மூன்று நாள் பாருங்கள். உங்கள் எடைக் கணக்கை விட வேகமாக இறங்கினால் திரியை மெல்லிசாக்குங்கள், மெதுவாக இறங்கினால் இன்னொரு திரி போடுங்கள். ஊருக்குப் போகிற அன்று காலையில் இதை முதன்முதலாகக் கட்டிவிட்டுப் போவதில் பயன் இல்லை. குறைந்தது ஒரு வாரமாவது உங்கள் கண் முன்னால் ஓட வேண்டும். மண்ணின் மேல் இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார் பரப்பினால் ஈரம் இன்னும் நிற்கும்.

செடிக்குப் பிளாஸ்டிக் பை போட்டு மூடச் சொல்வார்கள். தெற்கு வெயிலில் அது செடியை வேகவைத்துவிடும்.

செடி போனால் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். டெங்கி வந்தால் அந்த மாடி முழுக்கத் துன்பம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயத்தளவு தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகும். நீங்கள் இல்லாத மூன்று வாரம் அதற்குத் தாராளம். ஆகையால் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டுகளை எல்லாம் எடுத்துக் கழுவி வீட்டுக்குள் வையுங்கள். தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருக்கும். பலர் கவனிக்காத இன்னொன்று, இறுகிப்போன மண். மேல்மண் கெட்டியாகிவிட்டால் ஊற்றிய தண்ணீர் மேலேயே குட்டையாக நிற்கும், அங்கேயும் கொசு முட்டையிடும். கிளறி உதிர்த்துவிடுங்கள். கேன் மூடியில் திரியைச் சுற்றி இடைவெளி இருந்தால் பஞ்சு வைத்து அடையுங்கள். வெற்றிலைக் கொடியைத் திறந்த குடுவைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தால் அதை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுக்குள் கழிப்பறை மூடியைச் சாத்தி, தரை வடிகால் துளைகளையும் மூடிவிட்டு, தேசியச் சுற்றுப்புற வாரியத்தினர் வந்தால் தொடர்புகொள்ள உங்கள் எண்ணை ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் 200 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) தொடங்குகிறது.

ஆன்ட்டிக்கு இனி என்ன வேலை? ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு நடை, அவ்வளவுதான். ஊற்ற வேண்டிய தொட்டிக்கு மட்டும் சிவப்பு டேப் ஒட்டுங்கள். ஒரு டேப் என்றால் ஒரு கப், இரண்டு டேப் என்றால் இரண்டு கப். டேப் இல்லாததைத் தொடவே வேண்டாம். மல்லிக்கு டேப் வேண்டாம், திரியே போதும். கப்பையும், மூடிய பாட்டில்களில் தண்ணீரையும் அங்கேயே வைத்துவிடுங்கள். அவர் வீட்டிலிருந்து வாளி தூக்கி வரக் கூடாது. போவதற்கு முன் ஒருநாள் கூடவே நின்று, “ஆன்ட்டி, இவ்வளவு போதும்” என்று காட்டிவிடுங்கள். அன்புள்ளவர்கள் எப்போதும் ஒரு கப் கூடுதலாக ஊற்றிவிடுவார்கள், மல்லி வேர் அழுகியது அப்படித்தான் இருக்கும்.

மல்லிக் கன்று விஷயத்துக்கு வருகிறேன். கொண்டு வராதீர்கள். உயிருள்ள செடி சிங்கப்பூருக்குள் வர இந்தியப் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகளின் தாவர நலச் சான்றிதழும், இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது சட்டத்துக்கும் விரோதம், நம் செடிகளுக்கும் ஆபத்து. வேர் மண்ணோடு நூற்புழு வரும், இலைக்கு அடியில் பூச்சி வரும். கறிவேப்பிலைக் கன்று இன்னும் மோசம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி கறிவேப்பிலைத் தளிரில் விருப்பமாகக் குடியிருக்கும்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த மண்ணையும் வெயிலையும் சேர்த்துத்தான். கன்றை இங்கே கொண்டு வந்தாலும் அந்த மணம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. குண்டுமல்லிக் கன்று இங்குள்ள நாற்றுப்பண்ணைகளிலேயே கிடைக்கிறது. உங்கள் பேட்டையில் சமூகத் தோட்டம் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். 2005-இல் தொடங்கிய திட்டம் அது, பல தோட்டங்களில் நம்மவர்கள் மல்லியும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறார்கள். ஒரு குச்சி கேட்டால் மறுக்க மாட்டார்கள். கவாத்து செய்யும்போது உங்கள் செடியிலேயே பென்சில் கனத்துக் குச்சிகள் நாலைந்து எடுத்து ஈரமணலில் நட்டு நிழலில் வைத்தாலும் இன்னொரு செடி தயார்.

திரும்பி வந்ததும் வாடிய செடியைப் பார்த்து அவசரமாக வெயிலில் வைக்காதீர்கள், உரமும் போடாதீர்கள். நன்றாகக் காய்ந்த மண் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும், மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி வருவது நிற்கும் வரை இறக்கி வைத்து, பிறகு எடுத்து வடியவிடுங்கள். வாளியை உடனே காலி செய்துவிடுங்கள். இலை எல்லாம் கொட்டியிருந்தாலும் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது, மூன்று நான்கு வாரம் பொறுங்கள். அடித்தண்டு வரை பழுப்பாக இருந்தால் எடுத்துவிட்டு, உறையில் வைத்த துளசி விதையைத் தூவுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் முளை விடும்.