செனட்டரிடம் எதைக் கேட்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஞாயிறு மாலை தோட்டத்து மக்கள், செனட்டர்கள் அமரும் நாடாளுமன்ற மேலவையைப் பற்றிக் கேட்டார்கள். பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் நான் சொன்ன பதில்கள் இவை.

ஐயா, நாங்கள் ஓட்டுப் போடாமலே செனட்டர் எப்படி வருகிறார்? (பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அம்மா)

மேலவையில் 70 பேர், அம்மா. 13 மாநிலச் சட்டமன்றங்களும் தலா இருவரைத் தேர்ந்தெடுக்கின்றன. மீதி 44 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். இங்குள்ள லிந்தாங் தொகுதியிலோ ஜாலோங் தொகுதியிலோ நீங்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கு, பேராக்கின் இருவரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு உண்டு.

மக்களவை நிறைவேற்றியதை மேலவை தடுக்க முடியுமா? (லோரி ஓட்டும் தம்பி)

தாமதப்படுத்தலாம். நிதி மசோதாவை ஒரு மாதம், மற்ற மசோதாக்களை ஏறத்தாழ ஓராண்டு. பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை நீக்கும் மசோதாவை மக்களவை 2018 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அடுத்த மாதமே மேலவை நிராகரித்தது. மக்களவை 2019இல் மீண்டும் நிறைவேற்றிய பிறகு, அந்த டிசம்பரில்தான் மேலவை இசைந்தது. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் பெரும்பாலும் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அங்கே மேலவை கையை விரித்தால் திருத்தம் நின்றுவிடும்.

எங்கள் லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, இடிக்கப் போகிறார்கள். செனட்டர் நிலம் வாங்கித் தருவாரா, ஐயா? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

தரமாட்டார், அம்மா. நிலம் மாநில அரசின் அதிகாரம். அதற்குச் சட்டமன்ற உறுப்பினரையும் மாநில முதல்வரான மந்திரி புசாரையும் பாருங்கள். ஆனால் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது கூட்டரசின் 446ஆம் சட்டம். 1990இல் வந்தது, 2019இல் திருத்தப்பட்டது. வீட்டில் தண்ணீர் இல்லை, கூரை ஒழுகுகிறது என்றால் அதைப் பற்றி மனிதவள அமைச்சரிடம் செனட்டர் அவையிலேயே கேள்வி கேட்கலாம். பதில், அவையின் அதிகாரபூர்வப் பதிவேடான ஹன்சார்டில் பதிவாகும். பதிவான வாக்குறுதியைப் பிறகு யாரும் எளிதில் மறுக்க முடியாது.

எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்: நம் மக்கள் மாலையோடு போய், படம் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நெஞ்சு வலிக்கிறது. தோட்டத்தின் பெயர், வீட்டு எண்கள், புகைப்படங்கள், புகார் கொடுத்த தேதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

நானும் செனட்டர் ஆகலாமா? (கல்லூரி மாணவி)

30 வயது நிறைந்த குடிமகளாக இருந்தால் ஆகலாம், மகளே. ஒரு தவணை 3 ஆண்டு, மொத்தம் இரண்டு தவணைதான். தொழில், பண்பாடு, சமூக சேவை ஆகியவற்றில் சிறந்தவர்களையும் சிறுபான்மையினரின் பிரதிநிதிகளையும் நியமிக்கலாம் என்று அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு சொல்கிறது. உன் பாட்டி பால் வெட்டியவர் என்பதும் அவையில் பேச வேண்டிய வரலாறுதான்.

தேர்தல் வந்தால் அவர் பதவியும் போய்விடுமா? (பலசரக்குக் கடைக்காரர்)

போகாது, அண்ணே. மக்களவை கலைந்தாலும் செனட்டரின் தவணை ஓடிக்கொண்டிருக்கும். கையெழுத்து வாங்கிய அந்தப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். தேர்தல் முடிந்து அவை கூடியதும் அதே ஆளிடம் போய் நின்று கேளுங்கள்.