அக்காவின் கல்யாண கவுனை எனக்காக எந்த அளவுக்கு மாற்றித் தைக்கலாம்?

கேள்வி இதுதான்: "அக்கா கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளை கவுனை என் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஆசை. தோள் இல்லாத மாடல். எனக்கு மார்பிலும் இடுப்பிலும் இரண்டு அங்குலம் போல இறுக்கம். முழுக்கை வேண்டும். பின்னால் தரையில் இழுபடும் நீளம் வேண்டாம். இவ்வளவு மாற்ற முடியுமா, புதிதாகவே தைத்துக்கொள்வது நல்லதா?"

முடியும். நீங்கள் கேட்டிருக்கும் மூன்றுமே செய்யக்கூடியவைதான். கல்யாண கவுன்களைப் பிரித்து மாற்றுவதையே வேலையாகச் செய்கிறவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் யாரிடம் கொடுத்தாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பின்பக்க நீளத்தில் இப்போதைக்குக் கத்தரி படக் கூடாது. பலரும் வேண்டாததை முதலில் வெட்டிப் போட்டுவிட்டு, அப்புறம் அகலப்படுத்தத் துணி தேடி அலைகிறார்கள். வெள்ளையில் எத்தனையோ வெள்ளை உண்டு. கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வைத்தால், ஒன்று நீலம் அடிக்கும், இன்னொன்று பால் நிறமாக நிற்கும். உங்கள் கவுனுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் துணி அந்த இழுபடும் நீளத்தில்தான் இருக்கிறது. அகலப்படுத்துவதற்கான துணி அங்கிருந்துதான் வரப்போகிறது.

அடுத்தது, கவுனின் வெளிப்பக்கத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உள்பக்கத்தைப் பாருங்கள். ஜிப் ஓரமாக லைனிங்கைப் பெரும்பாலும் கையால்தான் தைத்திருப்பார்கள். அதை ஒரு சாண் அளவுக்குப் பிரித்தால் மேல்பகுதியின் உள்கட்டு முழுவதும் தெரியும். எலும்பு மாதிரி நிற்கும் பிளாஸ்டிக் அல்லது ஸ்டீல் பட்டிகள் எங்கெங்கே ஓடுகின்றன, மார்புக் கப் எதோடு சேர்ந்திருக்கிறது, தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், எல்லாம் தெரிந்துவிடும். பிரிக்கத் தயக்கமாக இருந்தால் டெய்லர் முன்னாலேயே பிரிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே பார்க்காமலே "ஆகும்" என்றோ "ஆகாது" என்றோ சொல்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் தேட வேண்டியது பக்கத் தையலில் உள்ளே மடிந்திருக்கும் துணியை. கணக்கு எளிது. இடது பக்கம் ஒரு தையல், வலது பக்கம் ஒரு தையல். ஒவ்வொன்றிலும் முன்துண்டின் ஓரம் ஒன்று, பின்துண்டின் ஓரம் ஒன்று. ஆக மொத்தம் நான்கு ஓரங்கள். ஓர் ஓரத்துக்கு அரை அங்குலம் பிரித்து விட்டால் சுற்றளவில் இரண்டு அங்குலம் கூடிவிடும். உங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ஆனால் விட்டதற்குப் பிறகும் தையல் பிடித்து நிற்கக் குறைந்தது கால் அங்குலம் மிச்சம் வேண்டும். அதனால் உள்ளே முக்கால் அங்குலம் துணி இருந்தால் மூச்சு விடலாம். சில கவுன்களில் ஓர் அங்குலத்துக்கு மேலேயே விட்டிருப்பார்கள். மலிவாகத் தைத்தவற்றில் ஓரம் நூல் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்துக் கால் அங்குலத்தில் வெட்டியிருப்பார்கள்.

துணி இருந்தாலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். சாட்டின், டஃபேட்டா மாதிரி நெருக்கமாக நெய்த துணியில் பழைய தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் வரிசையாகப் புள்ளி வைத்தது போலத் தெரியும். உள்ளே மடிந்திருந்த பகுதி வெளிச்சம் படாமல் இருந்ததால் நிறமும் கொஞ்சம் மாறித் தெரியலாம். அதனால் அக்குளுக்குக் கீழே, கை மறைக்கிற இடத்தில், விரல் நீளத்துக்கு மட்டும் பிரித்து ஆவி காட்டிப் பாருங்கள். துளை மூடினால் சரி. மூடாவிட்டால் அந்தக் கோட்டின் மேல் லேஸ் பூ வைத்து மறைக்கலாம்.

உள்ளே துணி போதவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, முதுகில் ஜிப்பை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் வளையங்கள் வைத்து நாடாவால் இழுத்துக் கட்டுகிற மாதிரி மாற்றுவது. பின்னால் தோல் தெரியாமல் ஒரு பட்டைத் துணி வைக்க வேண்டும். கல்யாணம் நெருங்கும்போது உடம்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கவலை இல்லை. இன்னொன்று, அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் ஒரே அளவில் பட்டை சேர்ப்பது. இதற்குத்தான் அந்தப் பின்பக்கத் துணி. வெட்டும்போது கவுனில் துணி எந்தத் திசையில் நிற்கிறதோ அதே திசையில் பட்டையும் நிற்க வேண்டும். சாட்டினைத் தலைகீழாக வைத்துத் தைத்தால் வெளிச்சம் வேறு விதமாகப் பட்டு, அதே துணியே வேறு நிறம் போலத் தெரியும். உங்கள் விஷயத்தில், கைக்காக வலைத்துணியும் வரப்போவதால், எனக்கு இந்தப் பட்டைதான் பிடிக்கிறது. முதுகு பழையபடி வழவழப்பாக இருக்கும், கை கீழே தொங்கும்போது பட்டை இருப்பதே தெரியாது.

தோள் இல்லாத கவுன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மார்பு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நல்ல கவுனில் அது இடுப்பில் நிற்கும். உள்ளே இடுப்பைச் சுற்றி நீட்டம் கொடுக்காத கெட்டி ரிப்பன் ஒன்று, சில இடங்களில் மட்டும் லைனிங்கோடு தைத்து, பின்னால் கொக்கி போட்டிருக்கும். பாவாடையின் பாரம் முழுவதும் அந்த ரிப்பனில்தான். பக்கத் தையலைப் பிரித்து அகலப்படுத்திவிட்டு இந்த ரிப்பனை மட்டும் பழைய அளவிலேயே வைத்தால் கொக்கி மாட்டாது. மாட்டவில்லை என்று வெட்டி எடுத்துவிட்டால் கவுன் இறங்கிக்கொண்டே இருக்கும், நாள் முழுக்க மேலே இழுத்து விட்டுக்கொண்டே நிற்பீர்கள். உங்கள் இடுப்புக்கு அளந்து, இறுக்கமாகப் பிடிக்கிற அளவில் புது ரிப்பன் வைக்கச் சொல்லுங்கள். அக்கா கவுனில் அது இல்லவே இல்லை என்றாலும் கட்டாயம் வையுங்கள். சின்ன வேலை, வெளியே தெரியாது, ஆனால் இதைவிடப் பெரிய உதவி அந்தக் கவுனுக்குச் செய்ய முடியாது.

இப்போது கை. மூன்றிலும் கடினம் இதுதான். தோள் இல்லாத மேல்பகுதியில் நேராகக் கையை ஒட்டினால், நீங்கள் கையைத் தூக்கும்போது கவுனும் சேர்ந்து மேலே வரும், இறக்கும்போது பழைய இடத்துக்குத் திரும்பாது. அதனால் கழுத்திலிருந்து மார்பு வரை மெல்லிய வலைத்துணியில் ஒரு மேல்பாகம் தைத்து, கையை அதில் பொருத்த வேண்டும். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருக்கட்டும். தாராளமாக இருக்கட்டும் என்று குழியைக் கீழே இறக்கினால்தான் கை தூக்க முடியாமல் பிடிக்கும். பிளவுஸ் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். முழுக்கை என்பதால் முழங்கையை மடித்து வைத்துக்கொண்டு அதன் சுற்றளவை எடுக்கச் சொல்லுங்கள். லேஸ் நீளாது. கையை நேராக வைத்து அளந்தால், சாப்பிடக் கை மடக்கும்போது தையல் விட்டுவிடும்.

கைக்கு எந்தத் துணி என்று குழம்ப வேண்டாம். கிட்டத்தட்டப் பொருந்துகிற துணிதான் மோசமாகத் தெரியும். பொருத்தமாகக் கிடைக்காவிட்டால் தெளிவாக வேறாக இருக்கிற துணியை எடுங்கள். 2020 ஜூலையில் இங்கிலாந்து இளவரசி பியாட்ரிஸ் கல்யாணத்துக்குப் போட்டது பாட்டி எலிசபெத் ராணியின் பழைய கவுன். நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்தது, ராணி 1960-களில் உடுத்தியது. பேத்திக்காக மாற்றும்போது கெட்டியான பட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போன்ற ஆர்கன்சாவில் குட்டைக் கைகள் சேர்த்தார்கள். பழையது எது, புதியது எது என்று பார்த்தாலே தெரியும், ஆனால் ஒட்டுப்போட்டது போலத் தெரியாது. கவுனின் உடம்புப் பகுதியில் இருக்கும் வேலைப்பாடு கையிலும் கொஞ்சம் வந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். அக்கா கவுனின் ஓரத்திலிருந்து எடுக்கும் லேஸ் பூக்களைக் கை நுனியிலும் தோளிலும் வைத்துப் பாருங்கள்.

மணி வேலை இருக்கும் கவுன் என்றால் நேரமும் கூலியும் அங்கேதான் போகும். தையல் வரும் கோட்டில் மணி இருந்தால் மெஷின் ஊசி உடைந்து தெறிக்கும். மணிகளை நூலோடு பிரித்தால் பக்கத்தில் இருப்பவையும் வரிசையாக உதிரும். நாங்கள் செய்வது, மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, சின்னக் குறட்டால் அந்தக் கோட்டில் இருக்கும் கண்ணாடி மணிகளை மட்டும் நொறுக்கி எடுப்பது. நூல் அறாமல் இருந்தால் மற்றவை அப்படியே நிற்கும். தையலைத் தாண்டிக் கிடக்கும் லேஸ் பூக்களைக் கையால் பிரித்துத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே தைத்தபின் மறுபடி கையாலேயே மேலே பொருத்த வேண்டும். இவ்வளவு கூலியா என்று கேட்பதற்கு முன்னால் இந்த வேலையை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

நீளம் கடைசியில்தான். மேல்பகுதி முடிந்து, ரிப்பன் மாட்டி, கல்யாணத்தன்று போடப்போகும் அதே செருப்போடு நின்றபின்தான் கீழே குண்டூசி குத்த வேண்டும். மேலே அரை அங்குலம் மாறினால் கீழேயும் மாறும். முன்னால் தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்கட்டும், நடக்கும்போது காலில் சிக்காது. பின்பக்கத்தைப் பக்கத் தையலிலிருந்து மெல்ல வளைத்து வெட்டிக்கொண்டு வருவார்கள். மேல்துணி, வலை, லைனிங் என்று ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக வெட்ட வேண்டும், உள்ளே போகப் போகக் கொஞ்சம் குட்டையாக. ஓரத்தில் லேஸ் பார்டர் இருந்தால் அதை முழுதாகக் கழற்றி வைத்துக்கொண்டு, துணியை வெட்டியபின் திரும்ப வைக்க வேண்டும். பட்டைக்குக் கொஞ்சம் துணி போதும், மீதியை வெட்ட மனம் வரவில்லை என்றால், பின்பக்கத்தை மடித்துத் தூக்கிப் பட்டனில் மாட்டிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. பட்டன் வைக்கிற இடத்தின் உள்ளே ஒரு கெட்டித் துணி வைத்துத் தைக்காவிட்டால் பாரத்தில் துணி கிழிந்துவிடும்.

எந்த வேலைக்கும் முன்னால் கவுனை டிரை கிளீன் செய்துவிடுங்கள். ஜூஸ், ஒயின் மாதிரி சர்க்கரை உள்ளது சிந்தியிருந்தால் அன்று கண்ணுக்குத் தெரியாது. வருடம் போகப் போகப் பழுப்பாகும், அயர்ன் சூடு பட்டால் இன்னும் அழுத்தமாக ஊறிவிடும். சாயம் போட்டு நிறத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். பாலியஸ்டர் சாதாரணச் சாயத்தை வாங்காது, நைலான் லேஸ் வாங்கும். கவுன் ஒரு நிறம், லேஸ் பூ ஒரு நிறம் ஆகிவிடும்.

இதை வாசிக்கிற வேறு யாராவது பாட்டி, கொள்ளுப்பாட்டி கால உடையை வைத்திருந்தால் அது வேறு கதை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்குக் கனம் ஏற்ற வெள்ளீய உப்புகளில் ஊற வைப்பார்கள். அந்தப் பட்டு மடிப்பு மடிப்பாகத் தானாகவே கிழியும், ஊசி தாங்காது. லேஸை மட்டும் எடுத்துப் புது உடையில் வைத்துக்கொள்வதுதான் வழி.

புதிதாகத் தைப்பது எப்போது நல்லது? கழுத்து, தோள், இடுப்பு இருக்கும் இடம், பாவாடையின் வடிவம் எல்லாமே மாற வேண்டும் என்றால். அப்போது கவுனை உடையாக வைத்துக்கொள்ளாமல் துணியாகத்தான் பயன்படுத்துகிறீர்கள். நீங்கள் கேட்பது அப்படி இல்லை, அக்கா கவுனின் உருவம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது.

அக்காவிடம் "போட்டுக்கட்டுமா" என்று கேட்டிருப்பீர்கள். "வெட்டட்டுமா" என்றும் கேளுங்கள், எங்கே என்று கைவைத்துக் காட்டிக் கேளுங்கள். தையலைப் பிரித்து விட்டதைத் திரும்பப் பிடிக்கலாம், கையைக் கழற்றலாம், வெட்டிய நீளம் திரும்ப வராது. அவருக்கு மனசில்லை என்றால், பட்டை வேண்டாம், முதுகில் நாடாவுக்கும் பின்னால் பட்டனுக்கும் போய்விடுங்கள். டெய்லரிடம் வெட்டி மிஞ்சும் ஒவ்வொரு துண்டையும் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் முன்னால் ஆரம்பித்தால் அவசரம் இருக்காது. கடைசிப் பொருத்தம் பார்ப்பது கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் இருக்கட்டும். அன்றைக்குப் போடப்போகும் உள்ளாடையும் செருப்பும் போட்டுக்கொண்டு போங்கள். கண்ணாடி முன் நின்று பார்த்தால் போதாது. உட்காருங்கள், படி ஏறுங்கள், யாரையாவது இறுகக் கட்டிப்பிடியுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். கல்யாணத்தன்று உங்களுக்கு மாட்டிவிடப்போகிறவரையும் கூடவே கூட்டிப்போங்கள். உள்ரிப்பன் கொக்கி முதலில், ஜிப் அப்புறம் என்று அவர் அங்கேயே ஒருமுறை செய்து பார்த்துவிடட்டும்.