12 லட்சம் திர்ஹாம் ஃப்ளாட்டுக்கு துபாய் கோல்டன் விசா வருமா?

கேள்வி: நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறை வச்சிருக்கேன் சார். ரிங் ரோடு பக்கம் இருந்த காலி மனைய வித்ததுல கையில 5 கோடி இருக்கு. சென்னைல ஒரு ஓட்டல்ல துபாய் வீட்டு கண்காட்சிக்கு போயிருந்தோம். துபாய்ல ஜேவிசிங்கற ஏரியாவுல கட்டிட்டு இருக்கற சிங்கிள் பெட்ரூம் ஃப்ளாட் 12 லட்சம் திர்ஹாம், 10 பர்சன்ட் இப்பவே கிரெடிட் கார்டுல தேய்ங்க, மீதி மாசாமாசம் கட்டிக்கலாம், குடும்பத்துக்கே கோல்டன் விசா வந்துரும், அப்புறம் நீங்க என்ஆர்ஐ, வரியே கிடையாதுங்கறாங்க. பையனுக்கு 22 வயசு, பொண்ணு காலேஜ் படிக்குது. கட்டலாமா?

பதில்: கார்ட மொதல்ல பர்ஸ்லயே வைங்க. அந்த ஃப்ளாட்டுக்கு கோல்டன் விசா வராதுங்க.

வீடு வாங்கி வர்ற கோல்டன் விசாவுக்கு, அதாவது 10 வருஷம் அங்க தங்கற அனுமதிக்கு, குறைஞ்சது 20 லட்சம் திர்ஹாம் சொத்து வேணும், 2022 அக்டோபர்ல இருந்து இதான் ரூல். ஒரே வீடா இருக்கணும்னு இல்ல, ரெண்டு மூணு சேத்தும் காட்டலாம், ஆனா 12 எப்படி கூட்டினாலும் 20 ஆகாது. கட்டிட்டு இருக்கற வீட்டுல இன்னொரு சிக்கல், ஒப்பந்தத்துல 20 லட்சம்னு விலை போட்டிருக்கறது வேற, அதுக்கு நீங்க எவ்வளவு கட்டியிருக்கீங்கங்கறது வேற, இந்த ப்ராஜெக்ட்டுக்கு எவ்வளவு கட்டினா துபாய் லேண்ட் டிபார்ட்மென்ட் ஏத்துக்கும்னு எழுத்துல கேளுங்க, ஏஜென்ட் வாயால சொல்றது கணக்குல வராது. 2025 ஜூலைல 23 லட்ச ரூபாய்க்கு ஆயுசுக்கும் கோல்டன் விசான்னு வாட்ஸ்அப்ல சுத்துச்சே, அப்படி ஒண்ணும் இல்லைனு அந்த ஊர் அதிகாரிகளே சொல்ல வேண்டியதாச்சு.

சரி, 20 லட்சத்துக்கே வாங்கறேன், ரூபாய்ல நாலரை அஞ்சு கோடி, கையில இருக்கேன்னு நீங்க சொல்லலாம். இங்கதான் யாரும் கண்காட்சில சொல்லாத கணக்கு இருக்கு. இந்தியாவுல குடியிருக்கற ஒருத்தர் ஒரு நிதியாண்டுல வெளிநாட்டுக்கு அனுப்ப முடியறது ரெண்டரை லட்சம் டாலர், எல்ஆர்எஸ்னு தனி ஆளுங்க வெளிநாட்டுக்கு பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வச்சிருக்கற திட்டத்தோட லிமிட் அது. டாலருக்கு 3.67 திர்ஹாம்னு பல வருஷமா கட்டி வச்சிருக்காங்க, அதனால 20 லட்சம் திர்ஹாம்னா சுமாரா 5 லட்சத்து 44 ஆயிரம் டாலர். நீங்களும் வீட்டுக்காரம்மாவும் சேந்து அனுப்பினாலும் 5 லட்சம்தான், 44 ஆயிரம் இடிக்குது. அதுக்கு மேல பதிவு கட்டணம் 4 பர்சன்ட், அதாவது 80 ஆயிரம் திர்ஹாம், ரீசேல்ல வாங்கினா புரோக்கர் கமிஷன் வழக்கமா 2 பர்சன்ட்.

பையன் பேர்லயும் அனுப்பிரலாமேன்னு தோணும். அனுப்பலாம், ஆனா அவர் பணம் போனா அவரும் பத்திரத்துல பங்குதாரரா இருக்கணும், புருஷன் பொண்டாட்டி சேந்து 20 லட்சத்துக்கு வாங்கினா கல்யாண சர்டிபிகேட் அட்டஸ்ட் பண்ணி காட்டினா ஒருத்தருக்கு விசா தர்றாங்க, மத்த கூட்டுல அவங்கவங்க பங்கே 20 லட்சம் இருக்கணும்பாங்க. அதனால என்கிட்ட வர்றவங்களுக்கு நான் சொல்றது, மார்ச் மாசம் ஒரு பகுதி, ஏப்ரல் பொறந்ததும் மீதி. ரெண்டு நிதியாண்டு லிமிட்டும் கெடைச்சிரும். முன்னாடியே அனுப்பி அங்க அக்கவுண்ட்ல சும்மா போட்டு வைக்கக் கூடாது, எதுலயும் போடாத பணத்த 180 நாளுக்குள்ள திருப்பி கொண்டு வரணும்.

பேங்க்ல ஒரு அதிர்ச்சி காத்திருக்கும், டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே முன்கூட்டி பிடிக்கற வரி. வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு 20 பர்சன்ட் பிடிப்பாங்க, நீங்க 2 கோடி அனுப்பினா 38 லட்சம் தனியா எடுத்து வைக்கணும். இது தொலைஞ்ச காசு இல்ல, ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், மிச்சம் ரீஃபண்ட் வரும், ஆனா அதுவரைக்கும் பட்டறைக்கு தகடு வாங்கற காசு முடங்கிக் கிடக்கும்ல. உங்க 5 கோடி பத்தாதுன்னு நான் நினைக்கறது இதனாலதான்.

கிரெடிட் கார்டு கண்டிப்பா வேண்டாம், வெளிநாட்டுல சொத்து வாங்க கார்டு தேய்க்கறது பெமாங்கற அந்நியச் செலாவணி சட்டத்துல மாட்டி விடும். இங்க பேங்க்ல கடன் வாங்கியும் அனுப்ப முடியாது, அங்க பேங்க்ல வீட்டுக் கடன் எடுக்கறதும் இந்தியாவுல குடியிருக்கறவருக்கு வம்பு. மாசாமாசம் கட்டற பிளானும் சாவி வாங்கின பிறகும் நீளுதுன்னா கடன் மாதிரிதான் பாப்பாங்க, கையெழுத்துக்கு முன்னாடி பெமா தெரிஞ்ச ஆடிட்டர்கிட்ட காட்டுங்க. ஹவாலா ரூட்டு யாராவது சொன்னா அந்த நம்பரையே பிளாக் பண்ணுங்க.

என்ஆர்ஐ கதை சுத்தப் பொய். விசா ஸ்டாம்ப பாத்து இங்க யாரும் என்ஆர்ஐ ஆக்கறதில்ல, எத்தனை நாள் எங்க இருந்தீங்கங்கறதுதான் கணக்கு. பட்டறைய விட்டுட்டு நீங்க அங்க போகப் போறதில்ல, வருஷத்துல 182 நாளுக்கு மேல இங்கதான் இருப்பீங்க, அப்ப துபாய் வாடகைக்கு அங்க வரி இல்லாட்டியும் இங்க உண்டு. வீட்ட ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்துன்னு காட்டலைன்னா கறுப்புப் பண சட்டத்துல 10 லட்சம் அபராதம். மனை வித்த பணத்துல வீடு வாங்கினா அந்த லாபத்துக்கு கிடைக்கற வரிச் சலுகைய எடுக்கலாம்னு நினைச்சிருந்தா, வீடு இந்தியாவுல இருந்தாதான் அது.

விசா நல்ல விசாதான், அத மறுக்கல. சாதா ரெசிடென்ஸ் விசா ஆறு மாசம் வெளிய இருந்தா போச்சு, கோல்டனுக்கு அந்த தொந்தரவு இல்ல, மனைவி, பிள்ளைங்கள வயசு பாக்காம ஸ்பான்சர் பண்ணலாம். ஆனா குடியுரிமைக்கு இது வழி இல்ல, வீட்ட வித்தா விசாவும் போயிரும், வீடு வச்சிருக்கற வரைக்கும் வருஷா வருஷம் சதுர அடிக்கு இவ்வளவுன்னு சர்வீஸ் சார்ஜ் வேற. 2008-09ல துபாய் வீட்டு விலை பாதிக்குப் பாதி விழுந்தத பாத்த ஆளு நான், அதனால இருக்கற மொத்தத்தையும் ஒரே ஃப்ளாட்ல போடறது எனக்கு ஒப்பல.

நிஜமா பையன அங்க தொழில்ல உக்கார வைக்கறதுதான் யோசனைன்னா, ஃப்ரீ ஸோன்ல, அதாவது வெளிநாட்டுக்காரங்க கம்பெனி தொடங்கன்னே ஒதுக்கின பகுதில, சின்னதா ஒரு கம்பெனி போட்டு அவர் பேர்ல விசா எடுக்கறதுக்கு இதுல ஒரு துளி செலவுதான் ஆகும். ரெண்டு வருஷம் இருந்து பாக்கட்டும், ஊரு பிடிச்சா அப்புறம் வீடு. அப்பவும் கட்டி முடிச்ச வீடா பாருங்க. கட்டறது தான்னு இருந்தா லேண்ட் டிபார்ட்மென்ட்டோட துபாய் ரெஸ்ட் ஆப்ல அந்த ப்ராஜெக்ட் எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு பாத்துட்டு, பணத்த ப்ராஜெக்ட்டோட எஸ்க்ரோ அக்கவுண்ட்டுக்கு, அதாவது அந்த கட்டடத்துக்குன்னே பேங்க்ல தனியா வச்சிருக்கற பாதுகாப்பு கணக்குக்கு, மட்டும் அனுப்புங்க, ஏஜென்ட் அக்கவுண்ட்டுக்கு ஒரு திர்ஹாம் போகக் கூடாது.