பெண் அந்துப்பூச்சியின் வாசம் ஆணை எப்படி எட்டுகிறது?

தம்பலகாமத்துக் கத்தரித் தோட்டத்தில் தொங்கவிட்ட பெரோமோன் பொறிக்குள் ஆண் அந்துப்பூச்சிகள் மட்டும் விழுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியில் இருப்பது பெண் பூச்சி விடும் வாசத்தின், அதாவது பெரோமோனின், செயற்கை நகல். அது ஆணுக்கு மட்டுமே அழைப்பு.

பெண் பூச்சி ஓரிடத்தில் அமர்ந்து, வயிற்று நுனியிலுள்ள சுரப்பியை வெளியே நீட்டுகிறது. அதிலிருந்து ஆவியாகும் பொருளைக் காற்றுத்தான் சுமந்து செல்கிறது. ஆனால் அந்த வாசம் சீராகப் பரவுவதில்லை. இரவில் நுளம்புச்சுருளை ஏற்றி, புகையைச் சற்றுக் கவனியுங்கள்: முதலில் ஒற்றை நூல், பிறகு நெளிந்து, பிய்ந்து, இடையிடையே வெறும் காற்று. பெரோமோனும் அப்படித்தான் இழை இழையாகப் போகிறது.

ஆகவே, வாசம் எங்கே கூடுகிறது என்று அளந்துகொண்டே ஆண் வருகிறது என்பது தவறான எண்ணம். ஓர் இழை உணர்கொம்பில் பட்டதும் காற்றுக்கு எதிராகப் பறக்கும். வாசம் அறுந்தால் முன்னேறாமல் இடமும் வலமுமாக அலைந்து, அடுத்த இழையைத் தேடும். காற்றின் திசையை, கீழே நிலம் நகரும் விதத்தைக் கண்ணால் பார்த்தே கணிக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

1959இல் ஜெர்மன் வேதியியலாளர் பூட்டனான்ட் குழுவினர் பட்டுப்பூச்சியின் பெரோமோனை இனங்கண்டனர். அதற்குச் சுமார் 5 இலட்சம் பூச்சிகள் தேவைப்பட்டன!

கச்சான் காற்று மூர்க்கமாக வீசும் இரவில் பொறி வெறுமையாக இருந்தால் பொறியிலுள்ள வாச மருந்தைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காற்றை எதிர்த்துப் பூச்சியால் பறக்க முடியாது.