வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்: நரம்பு ஆராய்ச்சிக்கு எம்பிபிஎஸ் வாசல் வழியாகப் போக வேண்டியதில்லை

அம்மா, உங்கள் கடிதத்தில் இருப்பது இவ்வளவு: மகள் நீட் இரண்டு முறை எழுதியும் அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. பைக் விபத்தில் தோள்பட்டை நரம்பு அறுந்த தாய்மாமாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஓராண்டு ஆகியும் விரல் அசையவில்லை. "வயரை ஒட்டினா கரண்ட் வருது, நரம்பை ஒட்டினா ஏன் வரல?" என்று அவள் டாக்டரையே கேட்டிருக்கிறாள். பெரியப்பாவோ, "நரம்புன்னுதானே ஆசைப்படுறா, வீட்டை வச்சாவது சீட் வாங்கி நியூராலஜிஸ்ட் ஆக்கிடுவோம்" என்கிறார்.

இரண்டு நீட் போனதால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆறுதல் இத்தோடு போதும். பெரியப்பாவின் கணக்கு தவறு. பணக் கணக்கு மட்டுமல்ல, படிப்புக் கணக்கும் தவறு.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நரம்பு வயர் அல்ல. அது ஒரு உயிருள்ள செல்லின் நீண்ட வால், அதன் பெயர் ஆக்ஸான். அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள பகுதி செத்துக் கரைந்துவிடும். தையல் போட்டாலும், செல் அந்த இடத்திலிருந்து புதிதாக வளர்ந்துதான் விரலுக்குப் போய்ச் சேர வேண்டும். கை கால் நரம்பு வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். தோளிலிருந்து கைத்தசைக்கு 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் 600 நாள். இங்கேதான் சிக்கல். நரம்பு தொடாமல் ஒன்று, ஒன்றரை ஆண்டு கிடக்கும் தசை சுருங்கி, நரம்பை ஏற்கும் தன்மையையே இழக்கத் தொடங்குகிறது. வண்டி வந்து சேர்வதற்குள் ஸ்டேஷனை மூடிவிடுகிறார்கள். அதனால்தான் தோள், முழங்கை மீள்வது போல விரல் மீள்வதில்லை.

முதுகுத்தண்டில் அந்த ஒரு மில்லிமீட்டரும் கிடையாது. அங்கே உள்ள செல்லுக்கு வளரவே தெரியாது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1981இல் கனடாவில் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றை மூளையின் அடிப்பகுதிக்கும் தண்டுவடத்துக்கும் இடையில் பாலமாக வைத்தார்கள். வளராது என்ற ஆக்ஸான்கள் அதற்குள் சில சென்டிமீட்டர் வளர்ந்தன. சுற்றியிருக்கும் சூழல் செல்லைத் தடுக்கிறது என்பது அதில் தெரிந்தது. செல்லுக்குள்ளேயும் ஒரு பிரேக் இருக்கிறது. பிடென் என்ற மரபணுவை நீக்கினால் எலியின் பார்வை நரம்பு மீண்டும் வளர்கிறது என்று 2008இல் காட்டினார்கள். உங்கள் மகளின் கேள்வி இந்த வரிசையில் வருவது.

நியூராலஜிஸ்டின் வேலை இது அல்ல. அவர் பக்கவாதம், வலிப்பு, நடுக்கம் பார்ப்பவர். அறுந்த நரம்பைத் தைப்பவர்கூட அவர் அல்ல, சர்ஜன். எம்பிபிஎஸ் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு, எம்.டி. மேற்படிப்பு மூன்று, அதற்கு மேல் டி.எம். என்ற நரம்பியல் சிறப்புப் படிப்பு மூன்று. பதினொன்றரை ஆண்டு, இடையில் இரண்டு கடும் நுழைவுத் தேர்வு. இவ்வளவும் முடித்த பிறகும் 'ஏன் வளரவில்லை' என்ற கேள்வியைத் தொட அவள் தனியாக ஆராய்ச்சி கற்க வேண்டும். டாக்டர் வேலை உயர்ந்ததுதான். அவளுக்கு நோயாளி பார்க்க ஆசை இருந்தால் அது வேறு பேச்சு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

பொறியியல், நர்சிங், மூன்றாவது நீட் பற்றியெல்லாம் சொல்ல ஊரே இருக்கிறது. ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நான்கிலும் தலா 15 கேள்வி என்பதால் கணக்கு எடுக்காத ப்யூர் சயின்ஸ் குரூப் பிள்ளைக்கு அது மலையேற்றம். எழுதிப் பார்க்கட்டும், அதை நம்பி உட்கார வேண்டாம். நான் சொல்லப்போவது, சொந்தக்காரர்கள் கேட்டால் முகம் சுளிக்கும் படிப்பு: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல்.

சுளிக்கட்டும். அங்கே ஆண்டுச் செலவு சில ஆயிரங்களில் முடியும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும். கருவியல், செல் உயிரியல், மரபியல் மூன்றும் விலங்கியல் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. 'நியூரோ', 'ஜெனோமிக்ஸ்' என்று பளபளப்பான பெயரில் தனியார் கல்லூரிகள் விற்கும் பட்டங்களை விட இது அடித்தளமான படிப்பு. அப்படி ஏதாவது கல்லூரிக்குப் போய்ப் பார்ப்பதாக இருந்தால், ப்ரோஷரை மடித்து வைத்துவிட்டு ஒளிரும் செல்களைப் பார்க்கும் ஃப்ளூரசென்ஸ் மைக்ராஸ்கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். அதன் மேல் தூசி உறை எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது பார்த்தாலே தெரியும்.

கல்லூரி கற்றுத்தராததை அவள் வெளியே தேடிக்கொள்ள வேண்டும். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப் இரண்டு மாதம், உதவித்தொகையோடு. விண்ணப்பம் முந்தின ஆண்டுக் கடைசியிலேயே முடிந்துவிடும். மே மாதம் விசாரிக்கிறவர்கள்தான் அதிகம். என்ன செய்ய விரும்புகிறாள் என்று ஒரு சிறு குறிப்பும், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். குறிப்பில் "சிறு வயது முதலே அறிவியல் ஆர்வம்" என்று எழுதினால் படிக்க மாட்டார்கள். மாமாவின் 600 நாள் கணக்கை எழுதட்டும்.

அப்படி ஓர் ஆய்வகத்துக்குப் போனால் அங்கே என்ன செய்வாள்? இந்தத் துறையில் கையைப் பழக்க நல்ல உயிர், சி. எலிகன்ஸ் என்ற 1 மில்லிமீட்டர் புழு. உடல் கண்ணாடி போல் இருக்கும், மொத்தம் 302 நரம்பு செல்கள். தொடு உணர்வு செல்களில் பச்சையாக ஒளிரும் புரதம் ஏற்றிய புழுவை மயக்கி, அகரோஸ் என்ற ஜெல்லி வில்லையில் வைத்து, செல் உடலிலிருந்து சுமார் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) தள்ளி லேசரால் ஆக்ஸானை வெட்டுவார்கள். மறுநாள் அதே புழுவை மறுபடி பார்த்து எவ்வளவு வளர்ந்தது என்று அளப்பார்கள். சொல்ல எளிது. லேசர் கூடினால் குமிழி வெடித்துப் பக்கத்துத் திசு சிதையும். குறைந்தால் அதைவிட மோசம். ஆக்ஸான் அறுபடாது, பச்சை ஒளி மட்டும் மங்கும். பார்க்க வெட்டியது போலவே இருக்கும். மறுநாள் "அருமையாக வளர்ந்துவிட்டது" என்று ஏமாறுவார்கள். சற்று நேரம் காத்திருந்து, இரு முனைகளும் பின்வாங்கி இடைவெளி தெரிகிறதா, ஒளி மெல்லத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே கணக்கில் எடுக்க வேண்டும். வில்லையில் அதிக நேரம் விட்டால் புழு காய்ந்து செத்துப்போகும். 20 டிகிரியில் மூன்றரை நாளில் முட்டையிடும் பருவத்துக்கு வருகிற புழு, 25 டிகிரியில் இரண்டரை நாளில் வந்துவிடும். வயது கூடினால் நரம்பு வளர்ச்சி குறையும். ஆக இன்குபேட்டர் ஒரு ராத்திரி கோளாறானால் அந்த வாரத்து வேலை குப்பைக்கு.

வளர்ந்த நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் கருவி, பல்குச்சி நுனியில் ஒட்டிய ஒரு புருவ முடி. வாலருகே மெல்ல வருடினால் புழு முன்னோக்கி ஓட வேண்டும். பத்து முறை வருடி எத்தனை முறை ஓடியது என்று எழுதுவார்கள். கோடி ரூபாய் மைக்ராஸ்கோப் சொல்வதைக் கடைசியில் ஒரு முடிதான் சரிபார்க்கிறது.

இந்தப் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம், செலவில்லை. படங்களை அளக்கும் ஃபிஜி என்ற இலவச மென்பொருளை எந்த லேப்டாப்பிலும் போடலாம். ஆய்வுக் கட்டுரைகளில் வெளிப்படையாகக் கிடைக்கும் நரம்பு செல் படங்கள் நாற்பதை எடுத்து, அளவுக்கோட்டை வைத்து ஸ்கேல் பொருத்தி, ஒவ்வொரு ஆக்ஸானையும் கோடு இழுத்து அளக்கட்டும். எந்தப் படம் எந்த வகை என்று தெரியாதபடி கோப்புப் பெயர்களை நீங்கள் மாற்றி வையுங்கள். தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். ஒரு வாரம் கழித்து அதே நாற்பதை மறுபடி அளக்கட்டும். இரண்டு அளவும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று குடைய ஆரம்பித்தால் இந்தத் துறை அவளுக்கானது. பத்தாவது படத்தில் மூடிவிட்டால் பரவாயில்லை, வேறு பார்ப்போம். நீங்கள் இழந்தது ஒரு வாரம்தான், வீட்டை அல்ல.

பட்டத்துக்குப் பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி பெங்களூரு ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்.டி., ஜேஜீபில்ஸ் என்ற உயிரியல் நுழைவுத் தேர்வு எழுதி மும்பை டிஐஎஃப்ஆர், பெங்களூரு என்சிபிஎஸ் ஆய்வு நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு. எம்.எஸ்சி. முடித்து சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000, வீட்டு வாடகைப்படி தனி. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் முழுக்க இந்தத் துறைக்கானது. மூன்று ஆண்டுக்குள் அவள் புள்ளியியலும் கொஞ்சம் ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழியும் கற்றே ஆக வேண்டும். கணக்கு எடுக்காத பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கசப்பானதையும் கேளுங்கள். பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு இழுக்கும். அதன் பிறகும் நிரந்தர வேலை உடனே இல்லை. விஞ்ஞானி பதவிகள் குறைவு. பலர் பெங்களூரு, ஹைதராபாத் மருந்து ஆய்வு நிறுவனங்களுக்கோ கல்லூரி ஆசிரியர் பணிக்கோ போகிறார்கள். 27 வயதில் "இன்னும் படிக்கிறாளா?" என்று பெரியம்மா கேட்பார். அப்போது அவள் கையில் உதவித்தொகை இருக்கும், உங்கள் தலையில் கடன் இருக்காது. அடமானம் வைத்து வாங்கிய சீட்டில் இது இரண்டும் தலைகீழ்.

டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் அரசுக் கல்லூரி விண்ணப்பம் பிளஸ் டூ முடிவையொட்டித் திறக்கும். முன்பே பிளஸ் டூ முடித்தவர்களும் போடலாம். விலங்கியலை முதல் விருப்பமாக அவளே தன் கையால் குறிக்கட்டும். பெரியப்பாவிடம் பேசும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த 600 நாள் கணக்கை அவளே அவருக்குப் போட்டுக் காட்டட்டும்.