சும்மா நிற்கும் மெஷின்

அன்புள்ள ஐயா,

ஆபரேஷன்ஸ், சப்ளை செயின் மேலாண்மைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். கூடவே ஒரு தொழிற்சாலையில் பயிற்சி. டிமாண்ட் கணிப்பு, ஆர்டர் அளவு, ஸ்டாக், சப்ளையர் தேர்வு என்று எல்லாம் தனித்தனிப் பாடமாக வருகின்றன. எதை முதலில் பிடித்துக்கொள்வது? எனக்குப் புரிந்தவரை, ஆளும் மெஷினும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் சாரம். சரிதானா? ஆர்டர் அளவுக்கான ஹாரிஸின் சூத்திரம் இன்றும் பயன்படுமா?

ம.

அன்புள்ள ம.,

பாடங்களை ஒன்றாகக் கோத்துப் பார்க்க நினைக்கிறீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். பலருக்குப் பரீட்சை முடியும்வரை அந்த ஆசையே வராது.

ஹாரிஸ் 1913-இல் எழுதிய சூத்திரம் ஆர்டர் போடும் செலவையும் சரக்கை வைத்திருக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்து, எவ்வளவு வாங்கலாம் என்று சொல்கிறது. தேவை ஏறக்குறைய சீராக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சப்ளையர் தேர்வுக்குப் பாடப்புத்தகமே போதும்.

ஆனால் அந்த “ஒரு நிமிடம்கூட” என்ற வரி! கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதே இதுதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் உங்களுக்கு?

நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் இரும்புத் தண்டை வெட்டும் மெஷின் வேகமானது, அடுத்து இருந்த டிரில்லிங் மெஷின் மெதுவானது. வெட்டும் மெஷின் நிற்கவே கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. இரண்டுக்கும் நடுவே துண்டுகள் குவிந்தன. எந்த நாள் வெட்டியது என்று தெரிய, ஒவ்வொரு அடுக்கிலும் சாக்பீஸால் தேதி எழுதுவோம். அடியில் கிடந்தவற்றில் தேதியைத் துரு தின்றிருந்தது. ஒரு நாள் வரைபடத்தில் நீளத்தை 2 மில்லிமீட்டர் கூட்டினார்கள். வெட்டிக் குவித்தது மொத்தமும் பழைய இரும்பாகப் போனது. வெட்டியவருக்கு அந்த மாதமும் பாராட்டு, வாடிக்கையாளருக்குச் சரக்கு தாமதம்!

1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி உங்கள் புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். தளத்தில் 600 துண்டுகள் கிடக்கின்றன, ஒரு நாளில் 50 வெளியே போகின்றன என்றால், சராசரியாக ஒரு துண்டு உள்ளே 12 நாள் இருக்கிறது. அதன்மேல் உண்மையில் வேலை நடப்பது ஒரு மணி நேரம்கூட இருக்காது. மிச்சமெல்லாம் காத்துக் கிடப்பது. வெட்டும் மெஷினை இன்னும் ஓட்டினால் 600 என்பது 900 ஆகும், 12 நாள் 18 ஆகும், வெளியே போவது அதே 50தான். இதில் எங்கே வந்தது திறமை?

இன்னும் கேளுங்கள். ஒரே ஒரு மெஷின். வேலைகள் முன்பின்னாக வருகின்றன, முடியும் நேரமும் கூடிக் குறைகிறது, சராசரி 10 நிமிடம் என்று வையுங்கள். காத்திருக்கும் வரிசைகளை ஆராயும் வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்குப்படி, மெஷின் பாதி நேரம் வேலை செய்தால் ஒரு வேலை சராசரியாக 10 நிமிடம் காத்திருக்கும். 80 சதவீதம் என்றால் 40 நிமிடம். 90 என்றால் 90. 95 என்றால் 190! 90-க்கு மேல் இன்னொரு 5 சதவீதத்தைப் பிழிந்தெடுக்கப் போய்க் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. நூற்றைத் தொட்டால் வரிசைக்கு முடிவே இல்லை. ஆஸ்பத்திரி, துறைமுகம், கால் சென்டர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வருவது ஒழுங்கில்லாமல் வரும் இடத்தில் கொஞ்சம் கை ஓய்ந்திருந்தால்தான் அடுத்து வருவதை உடனே எடுக்க முடியும். அந்த ஓய்வைச் சோம்பல் என்று எழுதிவைக்கும் மேலாளர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தைய்ச்சி ஓனோ இதைத்தான் பிடிவாதமாகச் சொன்னார்: அடுத்த கட்டம் கேட்காமல் முந்தைய கட்டம் செய்யக் கூடாது. கேட்கவில்லையா, மெஷின் நிற்கட்டும். தேவைக்கு மேல் செய்வதையே விரயங்களில் மோசமானதாக அவர் கருதினார். நீங்களோ நிற்பதை விரயம் என்கிறீர்கள்!

எதை முதலில் பிடிப்பது என்று கேட்டீர்கள். பயிற்சிக்குப் போகும் இடத்தில் ஒரு துண்டின் பின்னாலேயே ஒரு நாள் முழுக்க நடந்து பார்த்தீர்களா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. போய் நடங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் குவியல் எப்போதும் உயரமாக இருக்கிறதோ, அது வேலை இல்லாமல் நிற்கும்படி விடாதீர்கள். ஆனால் அதற்கும் விளிம்புவரை ஆர்டர் ஏற்ற வேண்டாம். மற்ற மெஷின்கள் நின்றால் நிற்கட்டும். அப்புறம், அந்தக் குவியலை எண்ணி, ஒரு நாளில் எத்தனை வெளியே போகிறது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்பதையும்.